சாயல் வேறு, சொந்தம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த 'நெருப்புக்கோழி போன்ற டைனோசர்' கட்டுரையை ஆசையாகப் படித்தேன். கண்டுபிடித்த கதையை நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் படத்துக்குக் கீழே 'இன்றைய நெருப்புக்கோழியின் மூதாதை' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அது தவறு. பள்ளிப் பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் பக்கம் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையில் வந்த ஸ்ட்ரூதியோமிமஸ் கனடாவின் ஆல்பெர்ட்டாவில் கிடைத்தது. வாழ்ந்த காலம் சுமார் 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆதிப் பறவை என்று சொல்லப்படும் ஆர்க்கியாப்டெரிக்ஸோ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அதாவது ஸ்ட்ரூதியோமிமஸ் ஓடித் திரிந்த காலத்தில் பறவைகளின் கிளை எப்போதோ தனியே பிரிந்து போயிருந்தது. இதற்கும் பறவைகளுக்கும் உறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்னிதோமிமஸுக்கு இறகுகள் இருந்ததை 2012-ல் ஆல்பெர்ட்டா புதைபடிவங்களே காட்டின. ஆனாலும் அது ஒன்றுவிட்ட உறவுதான், பாட்டன் பேரன் உறவல்ல. நீண்ட கழுத்தும் அலகும் ஓட்டக்காரக் கால்களும் இரண்டு இடத்தில் தனித்தனியாக உருவானவை.

அப்படியானால் விஞ்ஞானிகள் எதைப் பார்த்து இனம் பிரிக்கிறார்கள்? கட்டுரை இதைத் தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. 1890-ல் ஓத்னியல் மார்ஷ் ஆர்னிதோமிமஸுக்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தவை கொலராடோவில் கிடைத்த கை கால் எலும்புத் துண்டுகள் மட்டுமே. பாதத்தில் பக்கம் பக்கமாக மூன்று நீள எலும்புகள். நடு எலும்பு கீழே அகலமாக இருந்து, மேலே போகப்போக ஒடுங்கி, இருபுறத்து எலும்புகளுக்கு நடுவில் நசுங்கிக் கிடக்கும். இந்த ஓர் அடையாளத்தை நம்பிப் போனாலும் சிக்கல்தான், ஏனென்றால் ஊன் தின்னும் டைனோசர்களான டைரனோசார்களின் பாதமும் இப்படியே இருக்கும். மார்ஷ் 'ஆர்னிதோமிமஸ் கிராண்டிஸ்' என்று பெயரிட்ட எலும்புகள் டைரனோசார் வகை என்றே இன்று கருதப்படுகின்றன. 1914-ல் பார்னம் பிரவுன் கிட்டத்தட்ட முழு எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்த பிறகே இந்தக் குடும்பத்தின் உருவம் தெளிவானது. அதை ஆராய்ந்த ஹென்றி ஆஸ்பார்ன்தான் ஸ்ட்ரூதியோமிமஸ் என்ற பெயரைக் கொடுத்தார்.

ஆனால் முழு உருவம் கிடைத்தாலும் சாயல் ஏமாற்றும். 1993-ல் சங்கர் சட்டர்ஜி டெக்சாஸில் கிடைத்த பல்லில்லாத மண்டையோடு ஒன்றை ஷுவோசாரஸ் என்று பெயரிட்டு, நெருப்புக்கோழி டைனோசர் கூட்டத்தில் சேர்த்தார். அந்த மண்டையோட்டைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் காலம் உதைத்தது. அது 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டிரயாசிக் காலத்து விலங்கு. விடை வேறோர் இடத்தில் மூடிக் கிடந்தது. நியூ மெக்சிகோவின் கோஸ்ட் ராஞ்சில் 1947, 48-ல் வெட்டியெடுத்த பாறைக் கட்டிகள் நியூயார்க் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் பிரிக்கப்படாமலே இருந்தன. அவற்றில் ஒன்றைத் திறந்து உள்ளே இருந்ததை ஆராய்ந்த ஸ்டெர்லிங் நெஸ்பிட்டும் மார்க் நோரெலும் 2006-ல் அதற்கு எஃபிஜியா என்று பெயரிட்டார்கள். இரண்டு காலில் நடை, பல்லில்லாத அலகு, பெரிய கண்குழி என்று பார்வைக்கு அப்படியே நெருப்புக்கோழி டைனோசர்தான். ஆனால் கணுக்கால் முதலைக் கூட்டத்துடையது. டைனோசர்களின் கணுக்கால் எலும்புகள் இரண்டும் கீழ்க்கால் எலும்போடு ஒட்டி நிற்கும், பாதம் அதற்குக் கீழே மடங்கும். எஃபிஜியாவுக்கு அந்த இரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே மூட்டு இருந்தது, பின்னால் குதிகால் துருத்தியது. ஷுவோசாரஸும் இதன் நெருங்கிய உறவு என்பது அதன் பிறகுதான் உறுதியானது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1965-ல் கோபி பாலைவனத்தில் சோபியா கீலன்-யாவரோவ்ஸ்கா கண்டெடுத்த டைனோகைரஸின் கைகள் ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் நீளம். கைகள் மட்டும் இருந்தன, ஆளைக் காணோம். மீதி உடம்பு 2014-ல் வெளியானபோது 11 மீட்டர் நீளமும் முதுகில் திமிலும் வாத்துபோல அகன்ற வாயுமாக நின்றது. நெருப்புக்கோழியின் சாயல் துளியும் இல்லை. ஆனால் எலும்புகள் சொல்லும் கணக்குப்படி அதுதான் இந்தக் கூட்டத்தின் அசல் உறுப்பினர்! மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் கிடைத்த முதுகெலும்புகளுக்கும் 1933-ல் ஆர்னிதோமிமாய்டிஸ் என்று பெயர் வைத்தார்கள். அவை வேறு குடும்பம் என்பதே இப்போதைய கருத்து. அதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

உருவப்படத்தைப் பெரிதாகப் போடுவதில் எனக்கு வருத்தமில்லை, பிள்ளைகளை இழுப்பது அதுதான். கூடவே பாதத்தின் படம், கணுக்காலின் படம் இரண்டையும் சிறிதாகவாவது போட்டு, எந்த எலும்பைப் பார்த்து எந்தக் கூட்டத்தில் சேர்த்தார்கள் என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். 'மூதாதை' என்ற வரிக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி