ஜே.ஆர். விவரணப்படத்தில் விடுபட்ட நாற்பது ஆண்டுகள்

தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

அன்புடையீர்,

முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் வாழ்க்கையைப் பற்றி நீங்கள் ஒளிபரப்பிய விவரணப்படத்தைக் கடந்த ஞாயிறு இரவு பார்த்தேன். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். என் மாணவர்களையும் பார்க்கச் சொல்லியிருந்தேன். மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், படத்துல வந்த எல்லாருக்கும் கீழ பேர் போட்டாங்க. அந்தக் கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு மட்டும் ஏன் போடல?"

ஒன்றரை மணி நேரப் படத்தில், தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த எங்கள் மலையகத் தமிழருக்குக் கிடைத்தது அந்த அம்மா வரும் நாலு செக்கன்தான். திறந்த பொருளாதாரத்தைப் பற்றிச் சொல்லும்போது, முதுகில் கூடையோடு சிரித்துக்கொண்டு திரும்புகிறார். அதோடு சரி. பிரஜாவுரிமை, அதாவது குடியுரிமை, என்ற சொல் படத்தில் ஒரு தடவைகூட வரவில்லை.

உழைப்பு போட்டு எடுத்த படம் என்பதை மறுக்கமாட்டேன். 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜப்பானுக்காக அவர் பேசியதை நன்றாகவே காட்டினீர்கள். அதற்கு நன்றியாக ஜப்பானியர் காமகுராவில் வைத்திருக்கும் நினைவுக்கல்லையும் காட்டினீர்கள். காமகுரா வரைக்கும் போக முடிந்த உங்கள் கமரா ஹட்டனுக்கு வரவில்லையே என்பதுதான் என் மனத்தாங்கல்.

மலையகத்தார் எல்லாப் படத்திலும் தலைகாட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்த மனிதரின் வாழ்க்கையில் எங்களை விட்டுவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியபோது டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவர் அவர். தகப்பன் இங்கே பிறந்ததற்குக் கடதாசி கொண்டுவா என்றது சட்டம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு அந்தக் காலத்தில் யார் கடதாசி எழுதி வைத்தார்கள்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம், 1952இல் வாக்கில்லாமல் நின்றது. நாற்பது வருடம் கழித்து, 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவரே. கதவைப் பூட்டியபோதும் அரசாங்கத்தில் இருந்தார், திறந்தபோதும் இருந்தார். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் படத்தில் இதற்குப் பத்து நிமிடம் இல்லையா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1964இல் வந்தது சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு நாட்டுப் பிரதமர்களும் நாடற்ற எங்கள் சனத்தை ஆள்கணக்குப் பிரித்தார்கள். தாத்தாவும் அவருடைய தம்பியும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்பா எந்தப் பக்கமும் எழுதவில்லை. தம்பி முதலில் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் இன்னொரு தேயிலைத் தோட்டத்துக்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். தாத்தாவின் பாஸ்போட் வந்தது 1983 கடைசியில். தகரப் பெட்டி ஒன்று வாங்கினார். இரண்டு வேட்டி, ஒரு பித்தளைச் செம்பு, பாஸ்போட், தம்பியின் விலாசம் எழுதிய கடித உறை. பயணத்துக்காகச் செக்ரோலில் (தோட்ட வேலையாட்களின் பேரேட்டில்) பேரையும் வெட்டியாயிற்று. அடுத்த வருடம் யுத்தத்தால் கப்பல் நின்றது. அந்தப் பாதையில் பிறகு கப்பல் ஓடவேயில்லை.

பெட்டி இஸ்தோப்பில் (திண்ணையில்) கிடந்தது. மழைக்காலத்தில் துருப்பிடிக்கும் என்று மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தாத்தா அதைத் துடைத்துத் துடைத்து வைப்பார். 1988 சட்டம் அப்பாவைப் பிரஜையாக்கியது. முதல் தடவை ஓட்டுப் போடும்போது அப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. தாத்தாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை, அவர் கையில் இந்தியப் பாஸ்போட் இருந்தது. ஒரே காம்பரா (அறை), ஒரே அடுப்பு. மகன் இலங்கையர், தகப்பன் வெளிநாட்டவர். அவரைப் போன்றவர்களுக்கு வழிவிட்ட சட்டம் 2003இல்தான் வந்தது. தாத்தா 1997இலேயே செத்துப்போனார், ஒரு நாள்கூட இந்தியாவைப் பார்க்காத இந்தியராக.

படத்தில் இவ்வளவும் வேண்டாம். ஆனால் அந்தப் பத்து நிமிடம் வேண்டும்.

அப்புறம், 1988 சட்டத்தை ஜே.ஆரின் கொடை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1986 ஜனவரியில் மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் அழைத்த பிரார்த்தனைப் போராட்டத்தில் வேலைக்குப் போகாமல் கோயிலில் இருந்த தோட்டத்துச் சனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜே.ஆர். பதவிக்கு வந்த அடுத்த மாதமே, 1977 ஆகஸ்டில், இனக்கலவரத்தில் அடிபட்டு லயத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்களையும் சொல்லுங்கள். மீரியபெத்த தோட்டத்தில் 2014இல் மண் சரிந்தபோது கமராக்கள் வந்தன. சம்பளப் போராட்டம் என்றால் வருகின்றன. செத்தால் வருகிறீர்கள், வேலைநிறுத்தம் செய்தால் வருகிறீர்கள், நாட்டின் வரலாற்றைச் சொல்லும்போது மட்டும் எங்களைத் தேயிலைச் செடியோடு சேர்த்து இயற்கைக் காட்சியாக்கிவிடுகிறீர்கள். இருநூறு வருடம் இங்கே இருந்த பிறகும் இப்படியா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது இதுதான். மறுஒளிபரப்புக்கு முன் அந்தப் பத்து நிமிடத்தைச் சேருங்கள். 1948, 1964, 1988, 2003 ஆகிய நான்கு வருடங்களையும் சொல்லுங்கள். அந்தக் காலத்தை அனுபவித்தவர்கள் எங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரையாவது தமிழிலேயே பேச விடுங்கள். கீழே அவர்களுடைய பேரைப் போடுங்கள். அந்தக் கொழுந்து எடுக்கும் அம்மாவைத் தேடிப் பிடித்து அவருடைய பேரையும் கேட்டுப் போட முடிந்தால், என் மாணவிக்குப் பதில் சொல்லிவிடுவேன்.

தாத்தாவின் பெட்டி வீட்டில்தான் இருக்கிறது. பாஸ்போட்டும் கடித உறையும் உள்ளே இருக்கின்றன. உங்கள் குழு வந்தால் திறந்து காட்டுகிறேன். மழை பெய்தால் தோட்டப் பாதையில் வேன் ஏறாது, ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்
ஹட்டன்