கழுத்தில் கட்டும் நெறியையும் கேளுங்கள்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் காசநோய்த் துணை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வகத்தில் சளிப் பரிசோதனை செய்தே பணிக்காலத்தைக் கழித்து, இப்போது குடியாத்தத்தில் ஓய்வில் இருப்பவன் நான். 2019 நவம்பர் வரை உங்கள் மூன்று மாவட்டங்களும் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தவை என்பதாலும், பீடி சுற்றுவோரும் தோல் தொழிற்சாலைகளில் உழைப்போரும் இன்றும் இம்மூன்றிலும் பரவி வாழ்கிறார்கள் என்பதாலும் மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2020 மார்ச் 24 உலகக் காசநோய் நாள். நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் அன்றிரவுதான். 2019இல் ஏறத்தாழ 24 லட்சமாக இருந்த இந்தியாவின் காசநோய்ப் பதிவு 2020இல் 18 லட்சமாகச் சரிந்தது. நோய் அவ்வளவு விரைவில் குறைந்துவிடவில்லை என்பதும், நோயாளிகள் நம்மிடம் வந்து சேரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்படி வந்து சேராதவர்களில் நுரையீரல் காசநோய் உள்ளவருக்காவது இருமல் இருந்தது. கொரோனா என்று அஞ்சியாவது யாரோ ஒருவர் அவரைச் சோதனைக்கு அனுப்பினார். கழுத்து நிணநீர்க் கணுக்களில் காசநோய் வந்து, அவை வீங்கி நெறி கட்டியவருக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு ஊரடங்கின் தொடக்கத்தில் தாடைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் நெறி கட்டியது. வலி இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையில் சற்று வற்றியது போலிருந்து, அடுத்த மாதம் அதற்குக் கீழே இன்னொன்று எழும்பியது. பல் கோளாறு என்றார்கள், பற்றுப் போட்டார்கள், முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டார். தெருவில் நடந்த காய்ச்சல் முகாமுக்கும் அவர் போனார். வெப்பமானியில் காய்ச்சல் இல்லை, விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டியது, இருமல் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றார். கேட்ட கேள்விகள் அனைத்துக்கும் உண்மையைச் சொல்லிவிட்டு, நோயோடு வீடு திரும்பினார். நெறி பழுத்து, தோல் சிவந்து, உடைந்து சீழ் வடியத் தொடங்கிய பிறகே ஊசியால் உறிஞ்சிச் சோதித்தார்கள். ஆறு மாத மருந்தில் நன்றாகக் குணமானார் என்றாலும், கழுத்தின் தழும்பு, முதல் முகாமிலேயே ஒருவர் தொட்டுப் பார்த்திருந்தால் வந்திராது.

முகாமில் நின்ற செவிலியரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையிலிருந்த படிவத்தில் கழுத்து இல்லை. இந்தியாவில் பதிவாகும் காசநோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது. அதிலும் மிகுதியாகத் தாக்கப்படுவது நிணநீர்க் கணுக்களே, குறிப்பாகக் கழுத்தில். அப்படியிருந்தும், வீடு வீடாகச் செல்லும் நம் பணியாளர் இன்றும் முதலில் கேட்பது இரண்டு வார இருமலைத்தான்.

ஆய்வகத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கழுத்துக் கட்டியை அறுத்து எடுக்கும் இடங்களில் திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு வழியே இல்லை, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதை அறிவதும் கடினமாகிவிடும். ஒரு பகுதியை சலைனில் (உப்புநீரில்) தனியாக எடுத்து வைத்து, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சிபிநாட் சோதனைக்கும் வளர்ப்புக்கும் அனுப்பினால் போதும். இதற்குப் பெரிய செலவு இல்லை. எழுத்துப்பூர்வமான ஓர் உத்தரவும், தனியார் அறுவை மருத்துவர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் போதும். கொரோனா காலத்தில் சிபிநாட் கருவிகளிலும் அதே வகையான ட்ரூநாட் கருவிகளிலும் பல கொரோனா சோதனைக்குத் திருப்பப்பட்டன. அப்போதைய நெருக்கடியில் அது தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். இனி அப்படி ஒரு நிலை வந்தால் மாவட்டத்துக்கு ஒரு கருவியாவது காசநோய்க்கென்றே விடப்பட வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

தொண்டையையும் காதையும் விட்டுவிடக் கூடாது. குரல்வளைக் காசநோயில் வாரக்கணக்கில் குரல் கம்மும், விழுங்கினால் வலிக்கும். பார்வைக்குப் புற்றுநோய் போலவே இருக்கும். பெரும்பாலும் நுரையீரலிலும் நோய் இருப்பதால் அது பிறருக்கும் தொற்றும். தொண்டைக்குள் கருவி செலுத்திப் பார்ப்பது தொற்று அபாயம் என்று பெருந்தொற்றின்போது பல இடங்களில் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்தவர்களுக்குச் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்திருக்கலாம். காதில் வலியில்லாமல் சீழ் வடிந்து, வழக்கமான சொட்டு மருந்துக்கு அடங்காமல், கேட்கும் திறன் வேகமாகக் குறையும்போதும் இந்த நோயை நினைக்க வேண்டும்.

மருந்து தொடங்கிய பிறகும் சிலருக்கு நெறி பெரிதாகும், புதிதாகவும் ஒன்று தோன்றும். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்குள் முடிவுகட்டத் தேவையில்லை என்பதை முதல் நாளிலேயே யாராவது சொல்லிவிட்டால், பாதியில் மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து தேடிப் போவோர் குறைவார்கள். கழுத்தில் மட்டும் நோய் உள்ளவரிடமிருந்து அது பிறருக்குத் தொற்றாது என்பதையும் குடும்பத்தாரை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளின் திருமணம் வரை இந்த அச்சம் நீள்கிறது. மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி தங்களுக்கும் உண்டு என்பது இவர்களில் பலருக்குத் தெரியவில்லை.

ஆகவே, மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள் கொண்டு செல்லும் படிவத்தில் "கழுத்து, தாடை, காறை எலும்புப் பக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் நெறி கட்டியிருக்கிறதா" என்ற கேள்வியைச் சேர்க்கவும், தொட்டுப் பார்க்க அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி தரவும் வேண்டுகிறேன். அத்துடன், 2019 முதல் 2022 வரை மூன்று மாவட்டங்களிலும் கழுத்துக் கணுக் காசநோயாகப் பதிவானவர்களின் ஆண்டுவாரி எண்ணிக்கையை, பெயர் விவரங்கள் இன்றி, காசநோயாளிகளைப் பதியும் அரசின் நிக்ஷய் இணையப் பதிவிலிருந்து எடுத்து வெளியிடுங்கள். எந்த வட்டத்தில் எண்ணிக்கை அதிகமாகச் சரிந்ததோ, அந்த வட்டத்திலிருந்து முகாம்களைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்,
குடியாத்தம்.