பாப்பாவின் நாடக வகுப்பு பற்றி, தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை. பாப்பாவை நாடக வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டுக் கணக்கு டியூஷனில் சேர்க்கப் போகிறாயாம். "மூணாவது வந்துட்டா, இனிமே இதுக்கெல்லாம் நேரம் ஏதுக்கா?" என்றாய். போனில் வாதாட எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன விடுமுறைக்கு அவள் இங்கே வந்திருந்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. புத்தகங்களை இரண்டு அடுக்காக ஒரு சாண் இடைவெளியில் வைத்தேன். அவள் கையில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "இதில் பாலம் கட்டு, மேலே இந்த ரப்பர் நிற்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். அப்படியே விரித்து வைத்தாள். தாள் தொய்ந்து ரப்பர் கீழே விழுந்தது. இரண்டாக மடித்தாள், அதுவும் விழுந்தது. குழாய் மாதிரி சுருட்டினாள். குழாய் நின்றது, ரப்பர் உருண்டு ஓடிவிட்டது. கோபம் வந்து தாளைக் கசக்கி எறிந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. சும்மா இருப்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய வேலை! கொஞ்ச நேரம் கழித்து அவளே வேறு தாள் எடுத்து, விசிறிக்கு மடிப்பது போல முன்னும் பின்னுமாக மடித்து வைத்தாள். ரப்பர் நின்றது. அப்புறம் ஸ்கேல், அதன்மேல் பென்சில் டப்பா. "பெரியம்மா, அதே தாள்தானே, இப்ப மட்டும் எப்படித் தாங்குது?"

உடனே ஒரு அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கிழித்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே நெளிநெளியாக இருக்கும் காகிதத்தைக் காட்டினேன். அன்று முழுக்க வீட்டில் ஒரு பெட்டியையும் அவள் விட்டுவைக்கவில்லை. தோற்று, கோபப்பட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தாளே, அதை எந்தப் பரீட்சைத்தாளில் பார்க்க முடியும்?

நாடகத்துக்குப் போனால் கணக்கில் மார்க் கூடும் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் 6 வயதுக் குழந்தைகள் 144 பேரைப் பிரித்து, சிலருக்கு இசையும் சிலருக்கு நாடகமும் ஒரு வருடம் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. இசை கற்றவர்களின் ஐக்யூ மற்றவர்களைவிடச் சில புள்ளிகள் கூடியது. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அந்தச் சிறு ஏற்றமும் உறுதிப்படவில்லை. ஆனால் அதே ஆய்வில், பிறரோடு பழகும் விதத்தில் முன்னேறியவர்கள் நாடகம் கற்ற குழந்தைகள்தான். உன் முந்தானைக்குப் பின்னால் நின்று பதில் சொல்லும் நம் பாப்பாவுக்கு இப்போது வேண்டியது எது, நீயே சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. போன போட்டியில் பரிசு வரவில்லை என்று நீ முகம் வாடியதை அவள் கவனித்திருக்கிறாள். 1973-ல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. ஸ்கெட்ச் பேனாவால் வரைய ஆசைப்படும் சின்னக் குழந்தைகளில் சிலரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாதபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் வரைந்தார்கள். தானாக வந்த ஆசை, பரிசுக்கான வேலையாகிவிட்டது. அவளுக்கு மேடையில் முதலிடமே வேண்டாம், ஓரமாக நிற்கட்டும். "இன்னைக்கு நல்லா இருந்துச்சா?" என்று கேள், போதும்.

அதற்காக நாடகம், செஸ், நீச்சல், கீபோர்டு என்று வாரம் முழுவதும் ஓடவிடவும் வேண்டாம். அதுவும் டியூஷன்தான், பெயர்தான் வேறு. அவளுக்குப் பிடித்தது ஒன்று போதும். மற்ற மாலைகளில் சும்மா இருக்கட்டும். நாளைக்கே "எனக்கு நாடகம் பிடிக்கல" என்று அவள் சொன்னால், சரி, நிறுத்திவிடலாம். இப்போது நிறுத்தச் சொல்வது நீதானே, அவள் இல்லையே.

கணக்கை என்னிடம் விடு. கடன் வாங்கிக் கழிப்பதில்தான் தடுமாறுகிறாள் என்றாய், அதிலும் நடுவில் பூஜ்யம் வந்தால். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் கூப்பிடு. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு நூறாகவும் கட்டி வைத்திருக்கச் சொல். கட்டை அவளே அவிழ்த்துப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா