திங்கட்கிழமை வேலையில் சேருமுன், கயலுக்கு

அன்பு கயல்,

"எந்தக் கோட்பாட்டைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போறதும்மா? படிச்சதெல்லாம் தனித்தனியா நிக்குது" என்று, கல்லூரியில் மனநல ஆலோசகராகச் சேரப் போகிற நீ போனில் கேட்டாய். போனில் சொல்லி முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உன் அறைக்கு வெளியே தொங்கும் பலகையைப் பற்றி. "ஆலோசனை மையம்" என்று இருப்பதால், வருகிறவர்கள் ஆலோசனையை எதிர்பார்த்துத்தான் வருவார்கள். ஆனால் பெரியப்பா, டியூஷன் சார், எதிர்வீட்டு அக்கா, ஜோசியர் என்று எல்லோரும் புத்தி சொல்லி முடித்த பிறகுதான் ஒரு பிள்ளை அந்தக் கதவைத் தட்டும். இலங்கைத் தமிழர்கள் இந்த வேலையை உளவளத்துணை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. துணைக்கு வருகிறவர் கூட நடப்பார். எங்கே போவது என்பதை நடக்கிறவர்தான் முடிவு செய்வார்.

இதைக் கோட்பாடாகவே ஆக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை என்ற மூன்றையும் மனப்பாடமாகச் சொல்வாய். 1957இல் அவர் எழுதிய கட்டுரையில் நிபந்தனைகள் மொத்தம் ஆறு. ஆறாவதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: நீ காட்டும் மதிப்பும் புரிதலும் எதிரே இருப்பவருக்குக் கொஞ்சமாவது உறைக்க வேண்டும். உனக்குள் எவ்வளவு பரிவு இருந்தாலும் அது போய்ச் சேராவிட்டால் கணக்கில் வராது. சேர்ந்ததா என்று கண்டுபிடிப்பது சுலபம். நீ ஒன்று சொன்னதும் "ஆமா மேடம்" என்று பேச்சு நின்றுவிட்டால் சேரவில்லை. "ஆமா... அது மட்டும் இல்ல" என்று இன்னும் உள்ளே போனால் சேர்ந்துவிட்டது.

"வீட்டுக்குப் போகவே பிடிக்கல, போனா மார்க் பத்தித்தான் பேச்சு" என்று ஒரு பையன் சொல்கிறான் என்று வை. "வீட்டுக்குப் போகப் பிடிக்கல" என்று திருப்பிச் சொன்னால் அது கிளிப்பிள்ளை வேலை. "நீ எப்படி இருக்கேன்னு கேக்க அங்க ஆள் இல்லாத மாதிரி இருக்கோ?" என்று கேட்டுப் பார். அந்த 'ஓ' முக்கியம். தவறாக இருந்தால் திருத்த அது இடம் கொடுக்கிறது. "இல்ல மேடம், அப்பா கேப்பார், அம்மாதான்..." என்று அவன் திருத்தினால் உனக்கு லாபம்தான். அழுதால் உடனே டிஷ்யூவை நீட்டாதே, "போதும், நிறுத்து" என்று அவனுக்குக் கேட்டுவிடும். கைக்கெட்டும் இடத்தில் பெட்டி இருந்தால் போதும்.

ஃப்ராய்டைப் பழசு என்று ஒதுக்கிவிடாதே. கனவுப் பலன்களை விட்டுவிடு. இடமாற்றத்தை, அதாவது வேறொருவர்மேல் உள்ள உணர்ச்சியை உன்மேல் ஏற்றிப் பார்ப்பதை, மட்டும் எடுத்துக்கொள். "நீங்க எங்க அம்மா மாதிரி மேடம்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது குளிர்ந்து போகாமல், அவளுடைய அம்மாவிடம் எதைச் சொல்ல முடியவில்லை என்று யோசி. அதை உன்னிடமும் சொல்ல மாட்டாள். எதிர் இடமாற்றம் உன் பக்கத்து விஷயம். ஒருவர் வரும் நாளில் மட்டும் உனக்கு எரிச்சலோ அளவுக்கு மீறிய அக்கறையோ வந்தால், அதை உன்னை வழிநடத்தும் மூத்த ஆலோசகரான மேற்பார்வையாளரிடம் கொண்டு போ.

நீ அதிகம் புழங்கப் போவது ஆரன் பெக்கின் முறையை, அதாவது எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சையைத்தான் என்று நினைக்கிறேன். அவரும் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர்தான். மனச்சோர்வு உள்ளவர்களின் கனவில் தன்மேலேயே திரும்பிய கோபம் தெரியும் என்று தேடினார். கிடைத்தது இழப்பும் தோல்வியும். அங்கிருந்துதான் தானாக எழும் எண்ணங்களைப் பிடிக்கும் வழிக்கு வந்தார். அந்த எண்ணங்களை எழுதிச் சரிபார்க்கும் எண்ணப் பதிவேட்டை எப்படி நிரப்புவது என்று உனக்குத் தெரியும். அது எங்கே சறுக்கும் என்பதைச் சொல்கிறேன்.

முதல் கட்டத்தில் சூழ்நிலை. கேமரா வைத்தால் பதிவாகக்கூடியது மட்டும்: "செவ்வாய் மாலை 4 மணி, ரிசல்ட் பார்த்தேன், ஒரு அரியர்." இரண்டாவது உணர்ச்சி, ஒரே சொல்லில், 0 முதல் 100 வரை ஓர் எண்ணோடு. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் "தோத்துட்டேன்னு ஒரு ஃபீலிங்" என்று எழுதுவார்கள். அது உணர்ச்சி இல்லை, எண்ணம். அடுத்த கட்டத்துக்கு நகர்த்து. அங்கே "இனி என்னை எந்தக் கம்பெனியும் எடுக்காது, அப்பா கடன் வாங்கினது வீண்" என்று அவன் மனசில் ஓடிய வார்த்தையிலேயே இருக்கட்டும், நீ நாகரிகப்படுத்தாதே. பிறகு அந்த எண்ணத்துக்குச் சாதகமான சான்றுகள், அதற்குப் பிறகே பாதகமானவை. வரிசையை மாற்றினால் நீ வாதாட வந்ததாக ஆகிவிடும். கடைசியில் இரண்டு பக்கத்தையும் உள்ளடக்கிய ஒரு வாக்கியம், உணர்ச்சிக்கு மறுபடி ஓர் எண். 90 இருந்தது 60 ஆனால் நல்ல வேலை நடந்திருக்கிறது. 90 ஒரேயடியாக 10 ஆனால் சந்தேகப்படு, உன் மனம் கோணக்கூடாது என்று எழுதியிருக்கலாம்.

எண்ணம் உண்மையாகவே இருந்தால்? அரியர் இருந்தால் விண்ணப்பமே வாங்காத நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே சான்று தேடிப் பயனில்லை. எந்தத் தேதிக்குள் அரியரை முடிப்பது, அதுவரை எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று பிரச்சினையைத் தீர்க்கும் வேலைக்கு மாறு. அதைவிட முக்கியமானது ஒன்று. விடுதியில் சாதியைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைச் சிந்தனைத் திரிபு என்று பதிவேட்டில் ஏற்றாதே. கோளாறு அவன் தலைக்குள் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைப்படி உன் கல்லூரியில் ராகிங் தடுப்புக் குழு இருந்தாக வேண்டும். யார் தலைவர், எண் என்ன என்று முதல் நாளே குறித்துக்கொள். அவன் சம்மதத்தோடு கூடவே போ.

ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் பெக்குக்கு முன்பே, 1955 வாக்கில், நம்பிக்கைகளைக் குறிவைத்தார். அவருடைய தடாலடி நடையை விட்டுவிட்டு, "நான் கட்டாயம் முதல்ல வரணும்" என்பதில் உள்ள 'கட்டாயத்தை' மட்டும் காதில் பிடிக்கப் பழகு.

ஒரே ஒரு முறை வந்துவிட்டு மறுபடி எட்டிப் பார்க்காதவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களுக்கு மில்வாக்கியில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்த தீர்வு நோக்கு முறை கைகொடுக்கும். "0 முதல் 10 வரை இன்னைக்கு எங்க இருக்க?" என்று கேள். "3" என்றால் ஏன் 10 இல்லை என்று கேட்டுவிடாதே, குறைகளின் பட்டியல் வரும். "எப்படி 3 வரைக்கும் வந்த, ஏன் 1 இல்ல?" என்று கேட்டால், தன்னிடம் இருப்பதை அவளே எண்ண ஆரம்பிப்பாள். "4 ஆனா முதல்ல யாரு கண்டுபிடிப்பாங்க?" என்பது அடுத்த கேள்வி.

குடி, புகை, ராத்திரி முழுக்க போன் என்று வருகிறவர்களிடம் மாறும் ஆசையை அவரவர் வாயாலேயே வரவழைக்கும் ஊக்க நேர்காணல் முறையை வகுத்த வில்லியம் மில்லரையும் ஸ்டீபன் ரோல்நிக்கையும் நினைத்துக்கொள். கோணலைப் பார்த்ததும் நிமிர்த்தக் கை பரபரக்கும். அதை அடக்குவதுதான் அவர்கள் சொல்லித்தரும் முதல் பாடம். விடச் சொல்லி நீ வாதாடினால், விடாமல் இருப்பதற்கான காரணங்களை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறாய். "தப்புன்னு தெரியும், ஆனா பசங்களோட இருக்கும்போது முடியல" என்பதில் 'ஆனா'வுக்கு முன்னால் இருப்பதைப் பிடி: "தப்புன்னு எப்ப தோணுச்சு?"

ஆக, எந்தக் கோட்பாடு என்ற உன் கேள்விக்கு எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் சொன்னதையே பதிலாகத் தருகிறேன். எந்த முறையானாலும் இருவருக்கும் இடையே மூன்று வேண்டும்: இலக்கில் உடன்பாடு, அதற்குச் செய்யும் வேலையில் உடன்பாடு, பிணைப்பு. இரண்டாவது அமர்வோடு ஒருவர் காணாமல் போனால் இந்த மூன்றில் எது அறுந்தது என்று பார். நம் ஊரில் பெரும்பாலும் இலக்குதான். "படிக்க வைங்க" என்பது பெற்றோரின் இலக்கு. பிள்ளைக்கு அந்தத் துறையே வேண்டாம். யாருடைய இலக்குக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று முதல் அமர்விலேயே வாய்விட்டுக் கேட்டுவிடு.

அந்த முதல் அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தில் ரகசியத்தின் எல்லையைச் சொல். உயிருக்கு ஆபத்து என்றால் வேறொருவரிடம் சொல்வேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள், மறந்துவிடாதே. எல்லாம் கேட்ட பிறகு இதைச் சொன்னால் அது துரோகம்போல் ஆகிவிடும். "என் பொண்ணு என்ன சொன்னா?" என்று அப்பா போன் செய்தால், "அவ வந்தாளா இல்லையான்னு கூட நான் சொல்ல முடியாது சார், அவகிட்டயே கேளுங்க" என்று மரியாதையாகச் சொல்.

தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "தப்பான முடிவு எதுவும் எடுக்க மாட்டேல்ல?" என்று கேட்டால் வரக்கூடிய ஒரே பதில் "இல்ல மேடம்". அந்தக் கேள்வியே தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று சாதாரணக் குரலில் கேள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்விப் படிவம் கொடுத்தால், மொத்தம் கூட்டுவதற்கு முன், சாவு எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியைப் பார். கூட்டுத்தொகை குறைவாக இருந்தாலும் அங்கே 1 இருந்தால் அன்றைக்கே பேசியாக வேண்டும்.

"அம்மா மேல சத்தியம் பண்ணு" என்று வாக்குறுதி வாங்காதே. அது உன் பயத்தைத் தணிக்கும், அவளைக் காக்காது. ஸ்டான்லி, பிரவுன் இருவரும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை அவள் கையாலேயே எழுத வை: நெருக்கடி வரப்போவதைக் காட்டும் அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியது, மனசை மாற்றும் இடங்களும் ஆட்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவரும் அரசின் 24 மணி நேர மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ம், கடைசியாக ஆபத்தானவற்றைக் கைக்கெட்டாமல் இன்னொருவர் பொறுப்பில் விடுவது. உடனடி ஆபத்து என்று பட்டால் தனியாக அனுப்பாதே. கூட ஆள் இருக்க, மனநல மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர். நாள்கணக்கில் தூங்காமலும் களைக்காமலும் பேசிக்கொண்டே இருப்பவர்கள், மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்பவர்கள் ஆகியோரையும் தாமதிக்காமல் அனுப்பு. நோய்க்குப் பெயர் வைப்பது உன் வேலை இல்லை. அனுப்பிய பிறகும் அடுத்த சந்திப்பு என்றைக்கு என்று குறித்துக் கொடு, கைகழுவிவிட்டதாக நினைக்கக் கூடாது.

திங்கட்கிழமை சீக்கிரம் போய் அறையை ஒழுங்கு செய். மேசையை நடுவில் போடாதே. இரண்டு நாற்காலியும் கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும், நேருக்கு நேர் பார்க்கக் கூச்சப்படுகிறவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். வருகிறவர் உட்காரும் நாற்காலியிலிருந்து கதவு தெரிய வேண்டும். கடிகாரத்தை அவர்களுடைய தலைக்குப் பின்னால் உள்ள சுவரில் மாட்டு. நீ கையைத் திருப்பி மணி பார்ப்பதை அவர்கள் பார்க்க வேண்டாம். 50 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் குறிப்பு எழுத. அந்தப் பத்தில் ஒரு வாய் தண்ணீரும் குடி.

அம்மா