கடற்கரையைக் காதால் கேட்க வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னைக் கடற்கரைகளை அழகுபடுத்துவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூங்கில் குடை, சாய்வு நாற்காலி, செல்ஃபி மேடை எல்லாம் சரி. ஆனால் அங்கே வந்து உட்காருகிறவருக்கு அந்தக் கரையின் கதையைச் சொல்ல ஆளில்லை. ஒலிபெருக்கியில் வருவதெல்லாம் 'கடலில் இறங்காதீர்கள்' என்ற எச்சரிக்கைதான். (அதுவும் வேண்டியதுதான், மறுக்கவில்லை.)

மீனவக் குப்பத்துப் பெரியவர்களின் பேச்சையும் கரையின் சத்தங்களையும் பதிவு செய்து, கரையோரம் நடந்தபடியே செல்போனில் கேட்கும்படி வைக்கலாமே?

எங்கள் வடசென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே மெரினாவில் அலை மணலில் ஏறி, நுரைத்து, சர்ரென்று வழிந்து இறங்கும். காசிமேட்டுக்கு வடக்கே கல் கொட்டிய இடங்களில் அதே கடல் 'தொம்' என்று மோதும். கல் இடுக்கில் புகுந்த தண்ணீர் களக் களக்கென்று வெளியே வரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும், ஏன் இப்படி என்ற கேள்வி தானாக வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை அதன் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரை அரித்து வீடும் தெருவும் போயின. அப்புறம் வந்தவைதான் இந்தக் கற்கள். 'எங்க தெரு அங்கதான் இருந்துச்சு' என்று கை நீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் இடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது. அந்தக் குரலை அந்த இடத்தில் நின்று கேட்பதற்கும் தகவல் பலகையைப் படிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கரையில் நின்று கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டும் அப்படித்தான். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' போட, அந்தத் தாளத்துக்குத்தான் கயிறு நகரும். இயந்திரம் இழுக்கத் தொடங்கியதும் பாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதைப் பதிவு செய்ய மேடைக்குழுவைக் கூப்பிட்டுவிடாதீர்கள். வலை இழுத்தவர்களே பாடட்டும். நடுவில் மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்துச் சொல்வதையும் அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். விமான நிலைய அறிவிப்புக் குரல் இதற்கு ஒத்துவராது.

நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கலாம். பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காகவே இயங்குகிறது. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அதில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். சென்னையிலேயே, 1988-இல் மாணவர்கள் தொடங்கிய அமைப்பு கடலாமை முட்டைகளைக் காக்க நடத்தும் ஆமை நடைக்கு, நள்ளிரவில் மணலில் பல கிலோமீட்டர் நடந்து கதை கேட்க ஜனங்கள் வருகிறார்கள்.

செலவு பெரிதாக ஆகாது. ஆனால் பேசுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் பணம் கொடுக்க வேண்டும். சால்வை போர்த்தி அனுப்பிவிடக் கூடாது. பதிவின் உரிமையும் அந்தந்தக் குப்பத்திடமே இருக்கட்டும். தொடங்குவதாக இருந்தால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை முதலில் செய்யுங்கள். மெரினாவுக்குப் பேச ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர்.