வியன்னாவில் இருக்கும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியில்லை. உன் வீட்டில் தங்கியிருக்கும் பெல்கிரேடுப் பெண்ணும் (செர்பியத் தலைநகர்) பிரிஷ்டினாப் பெண்ணும் (கொசோவோவின் தலைநகர்) ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாய். "அவங்க 600 வருஷமா அடிச்சுக்கிறவங்கம்மா" என்று சொல்லி முடித்துவிட்டேன். வகுப்பிலும் பல வருடம் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன். அது தப்பு என்று தெரிந்த பிறகும் வாய் பழைய பாடத்தையே ஒப்பித்துவிட்டது.

அந்த 600 வருடக் கணக்கு 1389-ல் நடந்த கொசோவோ போரிலிருந்து வருவது. ஒட்டோமான் சுல்தான் முராத், செர்பிய இளவரசர் லாசர் இருவருமே அதில் இறந்தார்கள். லாசரின் பக்கத்தில் போஸ்னிய மன்னர் அனுப்பிய படையும் நின்றது. 1989 ஜூன் 28-ல் செர்பியத் தலைவர் மிலோசெவிச் அதே போர்க்களத்தில் பெருங்கூட்டத்தைக் கூட்டிப் பேசினார். செர்பியாவுக்குள் அல்பேனியர்கள் பெரும்பான்மையாக இருந்த கொசோவோவின் தன்னாட்சி அதற்குச் சில மாதங்கள் முன்புதான் பறிக்கப்பட்டிருந்தது. பழைய போர் தானாக எழுந்து வரவில்லை கயல், ஆட்சிக்காக எழுப்பினார்கள்.

அதற்காகப் பழைய காயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போரில் யாசெனோவாட்ஸ் முகாமில் நாஜிகளின் கூட்டாளிகளான குரோவேஷிய உஸ்தாஷாக்கள் செர்பியர்களைக் கொன்று குவித்தார்கள். கிழக்கு போஸ்னியாவில் செட்னிக் என்ற செர்பிய ஆயுதக் குழுவினர் முஸ்லிம்களைக் கொன்றார்கள். அந்த வீடுகளில் மிச்சமிருந்த பயத்தைத்தான் 1990-களில், இவர்கள் எல்லாரும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா உடைந்தபோது, டிவியில் ஊதி ஊதிப் பெரிதாக்கினார்கள்.

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவைப் பற்றி நீ கட்டாயம் படிக்க வேண்டும். 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை முற்றுகை. போஸ்னிய செர்பியப் படை சுற்றியுள்ள மலைகளில் இருந்து சுட்டது. குழாயில் தண்ணீர் வராமல், பீர் ஆலையின் ஊற்றுக்குக் கேன்களோடு வரிசையில் நின்றார்கள். 1992 ஆகஸ்டில் தேசிய நூலகம் எரிந்தபோது, குண்டுகளுக்கு நடுவே கைமாற்றிக் கைமாற்றி முடிந்த அளவு புத்தகங்களை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த நகரத்தைக் காத்த தளபதிகளில் ஒருவர் யோவன் திவ்யாக். அவர் செர்பியர், அதுவும் பெல்கிரேடில் பிறந்தவர். என் பாடத்தில் அவருக்கு இடமே இருந்ததில்லை.

1995 ஜூலையில், அதே போஸ்னியாவில், ஸ்ரெப்ரெனிட்சா. ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த ஊர். டச்சு அமைதிப்படை அங்கே இருக்கும்போதே போஸ்னிய செர்பியப் படையினர் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் பிரித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. இதில் 'இரண்டு பக்கமும் தப்பு' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே.

அப்புறம் கொசோவோ. 1999-ல் செர்பியப் படைகள் லட்சக்கணக்கான அல்பேனியர்களை எல்லைக்கு வெளியே விரட்டின. பிரிஷ்டினாவிலிருந்து ரயிலில் ஏற்றி மாசிடோனிய எல்லையில் இறக்கிவிட்டார்கள். அதே நாட்களில் பெல்கிரேடில் மேற்கத்திய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் குண்டு விழுந்தது, மொத்தம் 78 நாள். போர் முடிந்ததும் கொசோவோ செர்பியர்கள் பலர் பயந்து ஊரைவிட்டு ஓடினார்கள். உன் தோழிகள் இருவரும் அப்போது கைக்குழந்தைகளாக இருந்திருப்பார்கள். அவர்களிடம் இருப்பது அம்மா அப்பா சொல்லி வளர்த்த நினைவு. அதனால் யார் பக்கம் நியாயம் என்று எடுத்த எடுப்பில் கேட்காதே. அவர்களாகச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேள்.

இன்னொன்று. போஸ்னியாவில் த்ரெபின்யே என்ற ஊரில் 1993 ஜனவரியில் செர்பியச் சிப்பாய்கள் ஒரு முஸ்லிம் இளைஞனை அடித்தார்கள். ஸ்ர்ஜான் அலெக்சிச் என்ற செர்பிய இளைஞன் குறுக்கே போய்த் தடுத்தான். துப்பாக்கிக் கட்டையால் அவனை அடித்ததில் சில நாட்களில் இறந்துபோனான். தன் மகன் மனிதக் கடமையைச் செய்துகொண்டே இறந்தான் என்று அவன் அப்பா இரங்கல் அறிவிப்பில் எழுதினார். அதைப் படித்த நாளில் எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த வரியை எழுத அவருக்குக் கை எப்படி வந்ததோ, எனக்கு வந்திருக்காது.

அம்மா புளிக்காய்ச்சல் செய்து அனுப்பியிருக்கிறாள், மூன்று பேருக்கும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா