கல்லறைத் திருநாளுக்கு முன்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மா போய் மூன்று மாதம், முதல் கல்லறைத் திருநாள் வருகிறது, என்னென்ன செய்யவேண்டும் என்று கேட்டிருந்தாய். இங்கே நேற்றிலிருந்து விடாத மழை. அதனால் கல்லறை வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தங்கை சொல்கிறாள் என்று இப்போதே கிரானைட் பதித்துவிடாதே. தோண்டி மூடிய மண் லேசில் இறுகாது. பெட்டி மக்கி உள்வாங்கும்போது மேலே இருப்பதும் கூடவே இறங்கும். கல்லறைத் தோட்டத்தில் பார், சில கல்லறைகளில் சிலுவை சாய்ந்திருக்கும், மேல்கல் குறுக்கே வெடித்திருக்கும். எல்லாம் அவசரத்தில் கட்டியவை. இந்த ஒரு மழைக்காலமாவது கழியட்டும். இப்போதைக்குப் பள்ளம் விழுந்த இடத்தில் செம்மண் போட்டு, தண்ணீர் தெளித்து மிதித்து, நடுவில் அரையடி மேடாக்கிவிடு. மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்துவிடும். மரச்சிலுவையில் மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசு, சீக்கிரம் உளுத்துப்போகாது.

தாத்தா கல்லறைக்கு வெள்ளையடிப்பதானால் பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்து, ஒரு நாள் நல்ல வெயில் கண்டபிறகு அடி. ஈரச் சுவரில் அடித்தால் செதில் செதிலாக உரியும்.

பூசைக்கு வருவோம். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று ஒரு குருவானவர் மூன்று பூசை வைக்கலாம். 1915இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, பதினைந்தாம் பெனடிக்ட் பாப்பரசர் கொடுத்த அனுமதி அது. ஆனால் அந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் காணிக்கை வாங்கித் தனிக் கருத்து, அதாவது இன்னாருக்காக என்ற வேண்டுதல், வைக்க முடியும். மற்றவற்றில் ஒன்று மரித்த விசுவாசிகள் எல்லாருக்கும், இன்னொன்று பாப்பரசர் கருத்துக்கும். ஆகவே அன்று காணிக்கைக் கவரில் போடும் பெயர்ப் பட்டியலை அம்மாவுக்கான தனிப் பூசை என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்கு வேறொரு நாள் கேட்டு எழுதி வை. ஞானஸ்நானப் பெயரை எழுது. வீட்டில் கூப்பிடும் பெயர் வாசிப்பவருக்குத் தெரியாது.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் மரித்தவர்களுக்காக வேண்டிக்கொண்டால் நாளுக்கு ஒரு பரிபூரண பலன், அதாவது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சிய தண்டனை முழுவதும் தீரும் சலுகை. அது மோட்சத்துக்கு முன் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு மட்டும் சேரும். குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் ஒருமுறை போதும். நன்மை (நற்கருணை) வாங்குவதும், பாப்பரசர் கருத்துக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வதும் அந்தந்த நாளுக்குத் தனித்தனி. பாவத்தின்மேல் எந்தப் பற்றும் இருக்கக்கூடாது என்பதும் சேர்ந்ததுதான், கஷ்டமானதும் அதுதான். எட்டு நாளும் உனக்கு லீவு கிடைக்காது. இரண்டு நாள் போனாலும் போ.

உன் மாமியார் வீட்டார் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை. இறந்தவர்களுக்கு ஜெபம் எதற்கு என்று கேட்பார்கள். இறந்தவர்களுக்காக வேண்டுவதைச் சொல்லும் மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தைக் காட்டி வாதாடாதே. அவர்கள் வேதாகமத்தில் அந்த நூல் கிடையாது. 1 தெசலோனிக்கேயர் 4:13ஐச் சேர்ந்து வாசியுங்கள், அது இரண்டு வீட்டுக்கும் பொது. துக்கப்படாதே என்று பவுல் அங்கே சொல்லவில்லை. எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போல் துக்கப்படாதே என்கிறார். ‘அழுதால் ஆத்துமா தவிக்கும்’ என்று துக்க வீட்டில் சொல்வார்களே, அதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. இறந்துபோன நண்பன் லாசரை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். அப்பா அழுதால் அழட்டும், யாரும் தடுக்கவேண்டாம்.

மெழுகுவர்த்தியை மண்மேல் நேராக நட்டால் காற்றில் அணைந்துகொண்டே இருக்கும். மண்சட்டியில் பாதிக்கு மணல் போட்டு அதற்குள் நடு. சட்டியின் விளிம்பு திரியைவிட உயரமாக இருக்கட்டும். செவ்வந்தி, கோழிக்கொண்டை எதுவானாலும் முந்தின நாளே வாங்கு, அன்று காலையில் விலை ஏறிவிடும்.

அப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் எடுத்துப் போ. சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து உங்கள் வரிசைக்கு வரவே நேரமாகும். அதுவரை அப்பாவால் நிற்க முடியாது.

அன்புடன்,
உன் நண்பன்